பெரியகுளத்து மாம்பழமும் ஜெர்மன் பெயரடையும்

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. மொழி வரலாறு. "ஐயோ, இலக்கணமா?"ன்னு ஓடிப் போயிறாதீங்க. நடுவுல திராட்சை, மாம்பழம், செவ்வாழை எல்லாம் வரும். டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

ஜெர்மன்காரர்கள் காலையில பாத்தா "கூட்டென் மோர்கென்"னு சொல்லுவாங்க. ராத்திரி படுக்கப் போகும்போது "கூட்டெ நாக்ட்". புத்தாண்டுக்கு "கூட்டெஸ் நொயெஸ் யார்". மூணுலயும் இருக்கிறது ஒரே சொல்தான். "கூட்"னா நல்ல. ஆனா காலைக்கு முன்னாடி கூட்டென், ராத்திரிக்கு முன்னாடி கூட்டெ, வருசத்துக்கு முன்னாடி கூட்டெஸ். ஒரே ஆளு, மூணு வால்!

ஏன்னா அவங்க மொழியில காலை ஆண்பால், ராத்திரி பெண்பால், வருசம் ரெண்டும் இல்லாத மூணாவது பால். இதோட முடிஞ்சா பரவாயில்லையே. அந்தப் பெயர்ச்சொல் எழுவாயா, செயப்படுபொருளா, நாலாம் வேற்றுமையா, ஆறாம் வேற்றுமையாங்கிறதைப் பொறுத்தும் வால் மாறும். முன்னாடி "அந்த"ன்னு சுட்டு மாதிரி ஒரு சொல் நிக்குதா, "ஒரு"ன்னு நிக்குதா, ஒண்ணுமே இல்லையாங்கிறதைப் பொறுத்தும் மாறும். மூணு பாலும் பன்மையும் சேர்ந்து நாலு, வேற்றுமை நாலு, முன்னாடி நிக்கிற நிலை மூணு. பெருக்கிப் பாருங்க, 48 கட்டம்! மார்க் ட்வைன் 1880-ல் ஜெர்மன் மொழியைத் திட்டுறதுக்குன்னே ஒரு கட்டுரை எழுதினார். அதுல இந்தப் பெயரடைகளுக்கும் செமத்தியா அர்ச்சனை உண்டு.

இதுக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் என்ன சம்பந்தம்?

இருக்குங்க. கம்பத்துல பஸ் ஏறினா மலைக்கு அங்கிட்டு குமுளி. அங்கேயிருந்து கேரளா. 1960-கள்லயே கேரளத்துப் பெண்கள் நர்ஸ் வேலைக்கு மேற்கு ஜெர்மனிக்குப் போக ஆரம்பிச்சிட்டாங்க. கத்தோலிக்கத் திருச்சபை வழியா போனவங்க நிறைய. அந்தப் பழைய பாதை இப்ப அகலமாகியிருக்கு. 2020 மார்ச் 1 முதல் ஜெர்மனியில திறன்மிகு பணியாளர் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. 2021 டிசம்பர்ல கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையோட ஒப்பந்தம் போட்டுச்சு. 2022 டிசம்பர்ல இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு ஒப்பந்தம் ஒண்ணு செஞ்சுக்கிச்சு. 2024 அக்டோபர்ல, திறன்மிகு இந்தியப் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-ல இருந்து 90,000 ஆக்கப் போறதா அறிவிச்சாங்க.

மலைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நடக்கும்போது இந்தப் பக்கத்துப் பிள்ளைக சும்மா இருக்குமா? எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு. நர்சிங் முடிச்சவ. வீட்டுல இருந்தே ஆன்லைன் வகுப்புல ஜெர்மன் படிக்கிறா. ஜெர்மனியில நர்ஸாப் பதிவு பண்ண பொதுவா பி2 நிலை வரைக்கும் மொழித் தேர்வு தேறணும். சம்பளம், விசா, வீட்டுக் கடன், தங்கச்சி படிப்பு, எல்லாமே அந்த ஒரு சான்றிதழைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குது. ஒருநாள் போன்ல சொன்னா: "மாமா, சொல்லெல்லாம் வந்துருது. இந்த வாலுதான் வர மாட்டேங்குது. ஏன் மாறுதுன்னு கேட்டா, காரணமெல்லாம் கிடையாது, மனப்பாடம் பண்ணுங்கிறாங்க. எனக்குத்தான் மண்டையில ஏறலை போல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. காரணம் கிடையாதுன்னு சொல்றது தப்பு. காரணம் இருக்கு, அதுக்கு ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல வரலாறும் இருக்கு. அந்தப் பொண்ணு சின்ன வயசுல இருந்து பேசுற தமிழ்லயும் இதே வேலை நடக்குது. இடம்தான் வேற. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

டிக்கெட் யார் கையில?

முதல்ல விதியைப் பார்த்துருவோம். நர்ஸ் சமாச்சாரம்ங்கிறதால செஞ்சிலுவையையே எடுத்துக்குவோம். ஜெர்மன்ல "ரோட்"னா சிவப்பு. "க்ரொய்ட்ஸ்"னா சிலுவை, மூணாவது பால். அந்தப் பாலோட அடையாளம் "ஸ்" ஒலி.

ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் 1921-ல் பாம்பெர்க் நகரத்துல உருவாச்சு. அதோட பேரு பலகையில எப்படி இருக்கும் தெரியுமா? "டொய்ச்செஸ் ரோட்டெஸ் க்ரொய்ட்ஸ்". அதையே ஒருத்தர் வாக்கியத்துல வச்சுப் பேசும்போது "டாஸ் டொய்ச்செ ரோட்டெ க்ரொய்ட்ஸ்"னு ஆயிரும். "நான் அங்க வேலை பாக்குறேன்"னு சொல்லணும்னா "பைம் டொய்ச்சென் ரோட்டென் க்ரொய்ட்ஸ்". சங்கம் ஒண்ணுதான், பலகை ஒண்ணுதான், பேருக்கு மட்டும் மூணு வேஷம்.

இப்ப தேனியில இருந்து கம்பம் போற பஸ்ல ஒரு குடும்பம் ஏறுதுன்னு வச்சுக்குங்க. முன்னாடி அப்பா, நடுவுல மகன், பின்னாடி அம்மா. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுறார். அப்பா கையில டிக்கெட் இருந்தா அவர் நீட்டிருவார். மகன் "அவர்ட்ட இருக்கு சார்"னு தலையை ஆட்டினாப் போதும். அப்பா வெறுங்கையோட நின்னா? மகன்தான் பையைத் துழாவி எடுத்துக் காட்டணும். மொத்தத்துல யாராவது ஒருத்தர் காட்டியாகணும், அவ்வளவுதான்.

ஜெர்மன்லயும் இதான் கதை. அப்பாங்கிறது முன்னாடி வர்ற சுட்டு. மகன் பெயரடை. அம்மா பெயர்ச்சொல். டிக்கெட்டுங்கிறது பாலையும் வேற்றுமையையும் காட்டுற ஒலி.

"டாஸ் ரோட்டெ க்ரொய்ட்ஸ்" (அந்தச் சிவப்புச் சிலுவை). டாஸ் கையில "ஸ்" இருக்கு. அதனால ரோட்டெ சும்மா தலையாட்டுது.

"ஐன் ரோட்டெஸ் க்ரொய்ட்ஸ்" (ஒரு சிவப்புச் சிலுவை). ஐன் வெறுங்கை. அதனால பெயரடை "ஸ்"ஸை எடுத்துக் காட்டுது.

"ரோட்டெஸ் க்ரொய்ட்ஸ்". முன்னாடி ஆளே இல்லை. மகன்தான் பொறுப்பு.

ஆண்பாலுக்கும் இதே மாதிரிதான். அரிசி ஆண்பால் (அதை ஏன்னு கேக்காதீங்க!). "டேர் ரோட்டெ ரைஸ்"னா அந்தச் சிவப்பரிசி. டேர் கையில "ர்" இருக்கு. முன்னாடி ஒண்ணும் இல்லைன்னா "ரோட்டெர் ரைஸ்". சிவப்பரிசியோடன்னு சொல்லணுமா? "மிட் ரோட்டெம் ரைஸ்". அந்தச் சிவப்பரிசியோட? "மிட் டேம் ரோட்டென் ரைஸ்". "ம்" டிக்கெட் முதல் வாக்கியத்துல பெயரடை கையில, ரெண்டாவதுல சுட்டு கையில. வாழைப்பழம் பெண்பால், அதனால செவ்வாழை "ரோட்டெ பனானெ".

இதுல ஒரு சுவாரசியம் பாருங்க. ஆறாம் வேற்றுமையில "சிவப்பு ஒயினுடைய"ன்னு சொல்ல பழைய ஜெர்மன்ல பெயரடையும் "ஸ்" வாங்கும், ஒயினும் "ஸ்" வாங்கும். 17, 18-ம் நூற்றாண்டுகள்ல மக்கள் அதை மாத்திட்டாங்க. இப்ப "ரோட்டென் வைனெஸ்". அதாவது டிக்கெட் அம்மா கையிலயே இருக்கு, மகன் எதுக்குத் தனியா இன்னொண்ணு வாங்கணும்? யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணலை. பேசிப் பேசித் தானா நடந்துச்சு.

ஆக 48 கட்டம் இருந்தாலும் வால் அஞ்சே அஞ்சுதான்: எ, எர், எஸ், என், எம். அதுலயும் "தலையாட்டுற" வால் ரெண்டுதான்: எ, என். ஒருமையில எழுவாயா வந்தா எ. பெண்பாலும் மூணாவது பாலும் செயப்படுபொருளா வந்தாலும் எ. மத்த எல்லா இடத்துலயும் என்.

மூக்கனும் கேட்டோவும்

சரி, டிக்கெட் காட்டுற வால் புரியுது. காட்டாதப்ப எதுக்கு ஒரு வால்? சும்மா "ரோட்"னு வெறுமனே நின்னா என்ன? வரலாறே இங்கதான் இருக்கு.

இந்த ரெண்டு வரிசைக்கும் "வலுத்தது", "மெலிந்தது"ன்னு பேரு வச்சவர் யாக்கோப் கிரிம். ஆமாங்க, சின்ன வயசுல நாம படிச்ச தேவதைக் கதைகளைத் தம்பியோட சேர்ந்து தொகுத்தாரே, அவரேதான். 1819-ல் வெளியான "ஜெர்மன் இலக்கணம்" நூலோட முதல் பாகத்துல இருந்து இந்தச் சொற்கள் புழக்கத்துக்கு வந்துச்சு.

மெலிந்த வாலுக்கு மூலம் ஒரு பழைய பேரு வைக்கிற பழக்கம். இந்தோ-ஐரோப்பிய மொழிகள்ல ஒரு குணத்தைச் சொல்ற சொல்லோட "ன்" சேர்த்தா, அந்தக் குணம் உள்ள "இன்னார்"னு குறிப்பிட்ட ஒரு ஆளு ஆயிருவார். லத்தீன்ல "காட்டுஸ்"னா கூர்மதியான. அதுல இருந்து வந்தது கேட்டோங்கிற பேரு, அதாவது புத்திசாலிக்காரன். வேற்றுமை ஏறினா "காட்டோனிஸ்"னு அந்த "ன்" வெளிய தலைகாட்டும். கவிஞர் ஓவிடோட குடும்பப் பேரு நாசோ. நாசுஸ்னா மூக்கு, நாசோன்னா மூக்கன்!

நம்ம ஊருக்கு இதைச் சொல்லித் தரணுமா என்ன? கருப்பன், வெள்ளையன், சிவப்பி, நெட்டையன், மூக்கன், மூக்கையான்னு தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க. கருப்புங்கிறது குணம். கருப்பன்னா தெரிஞ்ச ஆளு.

ஜெர்மானிய மொழிகளோட மூதாதை மொழி இந்த "தெரிஞ்ச ஆளு" வடிவத்தை எடுத்துப் பெயரடைக்கே வச்சுக்கிச்சு. புதுசா ஒரு பொருளைப் பத்திச் சொன்னா வலுத்த வால். ஏற்கனவே தெரிஞ்ச பொருள்னா மெலிந்த வால். அப்ப "டேர், டீ, டாஸ்" எல்லாம் இன்னைக்கு மாதிரி எல்லாப் பெயருக்கும் முன்னாடி ஓடி வர்ற சொற்கள் இல்லை. "அந்த"ன்னு விரல் நீட்டுற சுட்டுகளா மட்டும் இருந்துச்சு. 4-ம் நூற்றாண்டுல வுல்ஃபிலா பைபிளை கோத்திக் மொழியில பெயர்த்தார். அதுலயே ரெண்டு வாலும் தனித்தனியா இருக்கு. சுட்டு வந்தா கூடவே மெலிந்த வாலும் வருது.

வலுத்த வால் எங்கேயிருந்து வந்துச்சு? அதுல பல வால் சுட்டுப்பெயர்கள்கிட்ட இருந்து கடன் வாங்கினது. அதனாலதான் "டேர்"ல இருக்கிற "ர்"ரும், "டாஸ்"ல இருக்கிற "ஸ்"ஸும், "டேம்"ல இருக்கிற "ம்"மும் அப்படியே பெயரடையிலயும் ஒலிக்குது. டிக்கெட் உவமை சும்மா நினைவுல வச்சுக்க மட்டும் இல்லை மக்களே, ரெண்டு டிக்கெட்டும் ஒரே புத்தகத்துல கிழிச்சதுதான்.

பிற்காலத்துல சுட்டு தேய்ஞ்சு, "இது தெரிஞ்ச பொருள்"னு சொல்ற வேலையை முழுசா அதுவே எடுத்துக்கிச்சு. மெலிந்த வாலுக்கு வேலை போச்சு. ஆனா வீட்டைக் காலி பண்ணலை. இன்னைக்கு ஜெர்மன் படிக்கிற பிள்ளைகளைப் படுத்துற "என்" அந்தப் பழைய மூக்கனோட "ன்"தான்.

இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல இதே மாதிரி ரெண்டு வரிசை இருந்துச்சு. சொல்லோட கடைசி அசைகள் தேய்ஞ்சு தேய்ஞ்சு 15-ம் நூற்றாண்டு வாக்குல காணாமப் போயிருச்சு. ஸ்வீடிஷ், டேனிஷ், ஐஸ்லாந்து மொழிகள்ல இன்னும் இருக்கு. நாம பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் படிச்சிட்டு ஜெர்மனுக்குப் போறதால, ஜெர்மன் என்னமோ புதுசா ஒரு குடைச்சலைக் கண்டுபிடிச்ச மாதிரித் தோணுது. உண்மையில தொலைச்சது இங்கிலீஷ்.

அங்க முன்னாடி, இங்க பின்னாடி

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். "தமிழ்ல இந்தத் தொல்லையெல்லாம் இல்லப்பா. நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல வீடு, நல்ல பிள்ளைகள். நல்ல எங்கேயும் மாறாது"ன்னு நாம பெருமையாச் சொல்லிக்குவோம். சரி. அதையே திருப்பிப் போட்டுச் சொல்லுங்க பாப்போம்.

பையன் நல்லவன். பொண்ணு நல்லவள். பிள்ளைகள் நல்லவர்கள். வீடு நல்லது.

என்னாச்சு? பெயருக்கு முன்னாடி மாறாத சொல் பின்னாடி வந்ததும் பால், எண் எல்லாத்தையும் சுமக்குது. பழந்தமிழ்ல இன்னும் சுத்தம்: நல்லன், நல்லள், நல்லர், நன்று, நல்ல. ஐம்பாலுக்கும் அஞ்சு வடிவம்.

ஜெர்மன்ல இதே மாதிரி திருப்பிப் போட்டா என்ன ஆகும்? "டேர் ரைஸ் இஸ்ட் ரோட்." "டீ பனானெ இஸ்ட் ரோட்." "டாஸ் க்ரொய்ட்ஸ் இஸ்ட் ரோட்." அரிசி சிவப்பு, பழம் சிவப்பு, சிலுவை சிவப்பு. வாலே கிடையாது! பின்னாடி வந்தா ஜெர்மன் பெயரடை மொட்டை.

அதாவது கண்ணாடியில பாக்குற மாதிரி. அவங்க முன்னாடி மாத்துறாங்க, பின்னாடி விட்டுர்றாங்க. நாம முன்னாடி விட்டுட்டுப் பின்னாடி மாத்துறோம். "நல்லவன்"னு சொல்லும்போது நாம செய்யுற வேலையும் "ரோட்டெர்"னு சொல்லும்போது அவங்க செய்யுற வேலையும் ஒண்ணுதான்: குணத்தைச் சொல்லிட்டு, அது யாரோடதுன்னு ஒரு ஒலியால காட்டுறது.

சந்தேகம்னா நோயாளிக்கான ஜெர்மன் சொல்லைப் பாருங்க. "க்ராங்க்"னா உடம்பு சரியில்லாத. ஆண் நோயாளி "ஐன் க்ராங்கெர்". பெண் நோயாளி "ஐனெ க்ராங்கெ". நம்ம நோயுற்றவன், நோயுற்றவள் எப்படியோ அப்படித்தான். ஜெர்மானியர்ங்கிற சொல்லே இந்த வகைதான்: ஐன் டொய்ச்செர், ஐனெ டொய்ச்செ. மொழியோட பேரைத் தன் மேல சுமக்கிற மக்களே ஒரு பெயரடை!

இன்னொண்ணும் இருக்கு. முன்னாடி வர்ற நம்ம சொல் மாறவே மாறாதுன்னும் சொல்ல முடியாது. செம்மண். செங்கல். செந்நெல். செஞ்சிலுவை. செவ்வாழை. எண்ணிப் பாருங்க, ரோட்டுக்கு அஞ்சு வடிவம்னா நம்ம "செம்மை"க்கும் இங்கேயே அஞ்சு வந்துருச்சு. ஜெர்மன் சொல் பாலையும் வேற்றுமையையும் பார்த்து மாறுது. நம்ம சொல் பக்கத்துல வர்ற எழுத்தைப் பார்த்து மாறுது. பவணந்தியார் நன்னூல்ல பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்குன்னே தனி நூற்பா எழுதி வச்சிருக்கார். நாம யாரும் அதை மனப்பாடம் பண்ணிட்டு செவ்வாழை வாங்கப் போறதில்லை. காதுல விழுந்து விழுந்து வந்துருச்சு.

எதிர்த் திசையில வந்தவர்

அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து நம்ம பக்கம் வந்த ஒருத்தரைப் பத்திச் சொல்லாம இந்தப் பதிவை முடிக்க முடியாது. சாக்சனி மாநிலத்துல புல்ஸ்நிட்ஸ்னு ஒரு சின்ன ஊர். அங்க 1682-ல் பிறந்தவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில வந்து இறங்கும்போது வயசு 23. தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. மதம் பரப்ப வந்தவர்தான். ஆனா மொழியைப் படிச்ச விதத்துக்கு நாம தொப்பியைக் கழட்டியே ஆகணும். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோட உக்காந்து மணல்ல விரலால எழுதிப் படிச்சார். 1715-ல் தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சுப் போட்டார். 1716-ல் ஜெர்மனியில ஹாலே நகரத்துல அவரோட தமிழ் இலக்கணம் "கிராமட்டிகா டமுலிகா" அச்சாச்சு. லத்தீன்ல எழுதினது. ஐரோப்பியர்கள் தமிழ் படிக்கிறதுக்காக. 1719-ல் 36 வயசுல தரங்கம்பாடியிலயே இறந்துட்டார்.

யோசிச்சுப் பாருங்க. தாய்மொழி ஜெர்மன், படிச்சது லத்தீன். ரெண்டுலயும் பெயரடை முன்னாடி மாறும். அந்தப் பழக்கத்தோட வந்த ஆளு "நல்ல" மாறாம நிக்கிறதையும், "நல்லவன், நல்லவள்"னு பின்னாடி மாறுறதையும் காதால கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கணும். தொல்காப்பியத்துல இருந்து நம்ம மரபு சொல்லை நாலாத்தான் பிரிக்குது: பெயர், வினை, இடை, உரி. பெயரடைன்னு தனியா ஒரு அலமாரியே கிடையாது. "நல்ல" நமக்குக் குறிப்புப் பெயரெச்சம். லத்தீன் அலமாரியோட வந்தவருக்கு இந்தச் சரக்கை எந்தத் தட்டுல வைக்கிறதுன்னு தேடுறதே ஒரு வேலை.

முந்நூறு வருசத்துக்கு முன்னாடி அவர் இங்கிட்டு வந்த அதே தூரத்தைத்தான் நம்ம பிள்ளைக இன்னைக்கு அங்கிட்டுப் போறாங்க. அவருக்கு மணல், இவங்களுக்கு செல்போன். அவருக்கு யாரும் பி2 தேர்வு வைக்கலை. அதனால இவங்க பாடு கொஞ்சம் கூடுதல்னே சொல்லலாம் :-)

ஊர்ப் பேருல ஒளிஞ்சிருக்கிற வால்

இனிப்புக்காகக் கடைசிக்கு வச்சது. சீகன்பால்கு பிறந்த புல்ஸ்நிட்ஸ் ஊருக்கு ஒரு பலகாரத்தால பேரு. மசாலா போட்ட கேக். "புல்ஸ்நிட்ஸெர் ஃபெஃபர்கூகென்"னு சொல்லுவாங்க. இந்தப் "புல்ஸ்நிட்ஸெர்" பெயருக்கு முன்னாடி நின்னாலும் எந்த வேற்றுமையிலயும் மாறவே மாறாது. முன்னாடி டேர் வந்தாலும் டேம் வந்தாலும் அப்படியே நிக்கும். ஃப்ராங்க்ஃபுர்ட்டெர், பெர்லினெர், ம்யுன்ஷ்னெர் எல்லாமே அப்படித்தான். ஜெர்மன் படிக்கிற பிள்ளைகளுக்குக் கிடைச்ச ஒரே லீவு நாள் இதுதான்!

காரணம்? இது முதல்ல பெயரடையே இல்லை. "ம்யுன்ஷென் ஊர்க்காரங்களோட பீர்"னு ஆறாம் வேற்றுமைப் பன்மையா இருந்து உறைஞ்சு போனது. ஏற்கனவே ஒரு வேற்றுமை உள்ள இருக்கிறதால மேல இன்னொரு வால் ஒட்டாது.

நம்ம பக்கம்? நல்ல மாறாது, ஆனா ஊரு மாறும்! கம்பம், ஆனா கம்பத்துத் திராட்சை. பெரியகுளம், ஆனா பெரியகுளத்து மாம்பழம். வருசநாடு, ஆனா வருசநாட்டு மலை. பெரியாறு, ஆனா பெரியாற்றுத் தண்ணி. கம்பத்துல ஒட்டுற "அத்து"வை நம்ம இலக்கணம் சாரியைன்னு சொல்லுது. (2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பேரு "கம்பம் பன்னீர் திராட்சை"தான். அரசாங்கக் காகிதத்துல சாரியைக்கு இடமில்லை போல!) கண்ணாடி இங்கேயும் அதேதான். அவங்க பெயரடையை மாத்தி ஊர்ப் பேரை விட்டுட்டாங்க. நாம பெயரடையை விட்டுட்டு ஊர்ப் பேரை மாத்துறோம்.

இன்னும் ஒண்ணு சொல்லிட்டு முடிச்சிர்றேன். ஜெர்மனி வரைபடத்தை எடுத்துப் பாருங்க. ஆல்ட்டென்புர்க், நொயென்புர்க், ரோட்டென்புர்க். "புர்க்"னா கோட்டை. ஆல்ட் பழைய, நொய் புதிய, ரோட் சிவப்பு. பழங்கோட்டை, புதுக்கோட்டை, செங்கோட்டை! அந்த நடுவுல நிக்கிற "என்" யாரு? நம்ம மூக்கனோட "ன்"னேதான். "அந்தப் பழைய கோட்டைக்கிட்ட"ன்னு ஜனங்க சொல்லிச் சொல்லி, முன்னாடி இருந்த சொல்லெல்லாம் உதிர்ந்துருச்சு. வால் மட்டும் ஊர்ப் பேருக்குள்ள மாட்டிக்கிச்சு. ஹாம்பர்க் பக்கத்துல க்ரோசென்சேன்னு ஒரு ஊரும் ஏரியும் இருக்கு. க்ரோஸ்னா பெரிய, சேன்னா ஏரி. நம்ம பாஷையில சொன்னா அது பெரியகுளம்!

பெரியகுளத்துல இருந்தோ சின்னமனூர்ல இருந்தோ ஒரு பிள்ளை நாளைக்கு அந்த ஊர்ப் பலகையைப் பார்த்தா "என்"னைப் பார்த்து மிரளாது. இது தலையாட்டுற வால், டிக்கெட் காட்டுன சொல் எப்பவோ இறங்கிப் போயிருச்சுன்னு புரிஞ்சுக்கும். மனப்பாடமும் வேணும்தான், இல்லைங்கலை. க்ரொய்ட்ஸ் எந்தப் பால், ரைஸ் எந்தப் பால்னு ஒவ்வொரு சொல்லையும் "டேர், டீ, டாஸ்" சேர்த்தேதான் நெட்டுருப் போடணும். வாய்க்குப் பழகணும்னா வேலைக்கு ஆகிற சொல்லாவே எடுத்துக்கலாம்: இடது கை "லிங்கெ ஹாண்ட்", இடது கால் "லிங்கெஸ் பைன்". ஆனா காரணம் தெரிஞ்சு படிக்கிறவ அஞ்சு வாலோட மல்லுக்கட்டுவா. காரணம் இல்லைன்னு நம்புறவ 48 கட்டத்தோடயும் அதுக்கு மேல "எனக்கு மண்டை இல்லை"ங்கிற நினைப்போடயும் மல்லுக்கட்டணும். அந்த ரெண்டாவது பாரத்தை அவ தலையில ஏத்தி வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

பதிவர் மக்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: உங்க ஊர்ப்பக்கம் பெரிய, சின்ன, புது, பழ, செம், கரு, வெள் ஒளிஞ்சிருக்கிற ஊர்ப் பேரெல்லாம் பின்னூட்டத்துல அள்ளிப் போடுங்க. "அத்து", "ஆற்று", "நாட்டு"ன்னு அது எப்படி மாறுதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. வகுப்புல உக்காந்து வாலோட சண்டை போடுற பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலை அனுப்பி வைப்போம்.

டிஸ்கி: ஜெர்மன் ஒலிகளை நம்ம எழுத்துல எழுதினா கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு இருக்கத்தான் செய்யும். இதை வாசிச்சுட்டு யாராவது நேரா தேர்வறைக்குப் போனா நான் பொறுப்பில்லை!